கண்டி மலைநாடும் கடலாராய்ச்சியின் தொடக்கமும்

கடலாராய்ச்சியின் வரலாற்றைக் கூறப் புகுவோர் துறைமுகங்களையும் மரக்கலங்களையும் பற்றியே பேசுவர். நாற்புறமும் மலை சூழ்ந்து, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் அமைந்த கண்டி மாநகருக்கும் அவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு எனக் கூறின், கேட்போர் வியப்புறுவர். ஆயினும் கண்டியைச் சுற்றி ஓடும் மகாவலி கங்கையின் போக்கைச் சற்றே நோக்கின் அவ்வியப்புக் குறையும். மலைநாட்டிலே தோன்றிப் பேராதனையைக் கடந்து கண்டியை வளைந்து செல்லும் அவ்வாறு, 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, திருக்கோணமலைக்குத் தெற்கே மூதூருக்கு அண்மையிற் கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலக்கின்றது. கலந்தவிடத்திலும் நிலத்தின் கதை முடிந்துவிடவில்லை. குடாவின் வாயிலிலிருந்தே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று வங்கக் கடலை நோக்கி இறங்கிச் செல்கின்றது. மலைநாட்டு நீர் சென்று சேரும் வாயிலிலேயே ஆழ்கடல் கரையை நெருங்கி நிற்பதென்பது உலகில் எங்கும் காணக்கூடிய காட்சியன்று. கண்டிக்கும் கடலாராய்ச்சிக்கும் ஏற்பட்ட தொடர்பும் இதே கொட்டியாரக் குடாவில்தான் தொடங்கியது.

அத்தொடர்பைக் கூறுமுன், கடலறிவு என்பது நூலெழுதியோர் காலத்தில் மட்டும் பிறந்ததன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டளவில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய செங்கடற் செலவு நூல், பருவக்காற்றின் துணைகொண்டு நடுக்கடலைக் குறுக்கிட்டுச் செல்லும் வழியைக் கண்டவர் இப்பலசு என்னும் மீகாமனே என்கின்றது. மேனாட்டார் பலர் இக்கூற்றை அவ்வாறே கொண்டு, பருவக்காற்றையே இப்பலசு கண்டுபிடித்தான் என எழுதிவிட்டனர். ஆண்டுதோறும் தவறாது வீசும் காற்றை, அக்காற்றிலேயே பாய்விரித்து வாழ்ந்த கரையோர மக்கள் ஒரு கிரேக்கன் வந்து சொல்லும்வரை அறியாதிருந்தனர் என்பது ஏற்கத்தக்கதன்று. யாழ்ப்பாணத்தும் திருக்கோணமலையிலும் மட்டக்களப்பிலும் மீன்பிடிப்போர் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என வெவ்வேறு காற்றுக்கு வெவ்வேறு பெயர் வழங்குகின்றனர். ஆழத்தைப் ‘பாகம்’ என்னும் அளவால் அளக்கின்றனர். இவை எந்நூலிலிருந்தும் கற்றவையல்ல. ஆனால் எழுதப்படாத அறிவுக்கு ஒரு குறைபாடு உண்டு. அதனை உடையவர் வேறு ஒருவருக்குச் சொல்லாது மறைந்தால் அதுவும் உடன் மறையும். வேறு ஒருவர் எழுதிக்கொண்டால் அது அவருடைய அறிவாகிவிடும். இந்து சமுத்திரத்தின் வரலாற்றில் இவ்விரண்டும் நிகழ்ந்தன.

கண்டி இராச்சியம் தோன்றிய காலத்தில் அது கடலை மறந்த இராச்சியமாக இருக்கவில்லை. மேற்குக் கரையைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிய பின்னரும், கீழ்க்கரையிலுள்ள மட்டக்களப்பு, கொட்டியாரம், திருக்கோணமலை ஆகிய துறைகள் கண்டி மன்னர்க்கு வாயில்களாய் விளங்கின. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குச் சென்று முதலாம் விமலதருமசூரியனைக் கண்டான். 1620இல் தேனியரின் தளபதி ஓவ கெட்டே இத்தீவுக்கு வந்து செனரத் மன்னனோடு உடன்படிக்கை செய்தான். தரங்கம்பாடியில் தேனியர் கோட்டை எழுந்ததும் அதே ஆண்டிலேயாம். 1638இல் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொண்டான். போர்த்துக்கேயரை வெளியேற்ற அவ்வுடன்படிக்கை உதவியது. எனினும் வந்தவர் போகவில்லை. ஒருவரை விரட்ட மற்றொருவரை அழைத்ததன் விலையைக் கண்டி பின்னர் நீண்டகாலம் கொடுத்தது.

இவ்வாறு மன்னன் அந்நியர் எவரையும் நம்பாதிருந்த வேளையிலேதான் ‘ஆன்’ என்னும் பெயருடைய ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கிழக்கிந்தியக் கம்பனிக்குரிய அக்கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அணித்தே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் வெட்டிப் பொருத்துதற் பொருட்டே அது கொட்டியாரத்தை அடைந்தது. 1660ஆம் ஆண்டில் மன்னனின் ஆட்கள் கப்பற்றலைவனையும் அவன் மகனையும் உள்ளிட்டுப் பதினாறு பேரைப் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். தந்தை மகன் இருவர்க்கும் பெயர் றொபேட் நொக்ஸ். தந்தை மறு ஆண்டிலேயே காய்ச்சலால் இறந்தார். மகனுக்கு அப்பொழுது இருபது வயதுகூட நிரம்பவில்லை. மூதூரில் ஒரு புளியமரத்தடியில் அவர்கள் சிறைப்பட்ட இடமெனக் குறிக்கும் கல் ஒன்று பிற்காலத்தில் நாட்டப்பட்டது.

இளைய நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். விலங்கிட்டு அடைக்கப்பட்ட சிறைவாழ்வு அன்று அது. கைதிகள் வெவ்வேறு கிராமங்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். ஊரார் அவர்களுக்கு உணவளித்தல் வேண்டும் என்பது மன்னன் கட்டளை. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார்; நெல்லைக் கடனாகக் கொடுத்து ஊதியம் பெற்றார்; இறுதியிற் கண்டிக்கு அண்மையிலுள்ள எலதத்தை என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடும் அமைத்தார். மலைநாட்டில் ஊர் ஊராகத் திரிந்து பண்டம் விற்ற அப்பழக்கமே அவருக்கு வழிகளையும் மக்களையும் பருவங்களையும் கற்பித்தது. 1679இல் ஸ்டீபன் றற்லண்ட் என்னும் தோழரோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, காட்டினூடே மல்வத்து ஓயாவின் கரைவழியே நடந்து, மன்னார்ப் பகுதியில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். கீழ்க்கடலில் மறைந்த மனிதர் மேல்கடலில் வெளிப்பட்டார்.

தாய்நாடு செல்லும் வழியிலே அவர் எழுதத் தொடங்கிய நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று. இலங்கை வரலாறு கற்போர் அந்நூலைக் கண்டி இராச்சியத்தின் ஆட்சிமுறை, நெல்வேளாண்மை, சாதியமைப்பு, மன்னனின் குணம் ஆகியவற்றை அறிதற்குப் பயன்படுத்துவர். அதற்கு முன்னுரை எழுதியவர் யார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் றொபேட் ஹூக். நுணுக்குக்காட்டியாற் கண்டவற்றை வரைந்து நூலாக்கியவர். சுருளின் நெகிழ்ச்சி பற்றிய விதியால் இன்றும் பாடசாலை மாணவரால் அறியப்படுபவர். இலண்டன் வேத்தியற் சங்கமாகிய றோயல் சொசைற்றியில் 1662 முதற் சோதனைகளை நடத்தும் பொறுப்பை ஏற்றிருந்தவர். கைதியாயிருந்து மீண்ட மாலுமி ஒருவர்மீது அத்தகைய அறிஞர் ஏன் அக்கறை கொண்டார்? அதற்கு விடை சங்கத்தின் நோக்கத்திலேயே உண்டு. தூரதேசஞ் செல்லும் மாலுமிகள் கண்டவற்றைக் குறித்துவந்து தருதல் வேண்டும் என்று அச்சங்கம் தொடக்கத்திலேயே விரும்பியது. 1666இல் அதன் வெளியீட்டில், நெடுந்தூரப் பயணஞ் செய்யும் மாலுமிகளுக்குரிய அறிவுறுத்தல்கள் அச்சாயின. காந்த ஊசியின் விலகல், வற்றுப்பெருக்கு, நீரோட்டம், கடலின் ஆழம், அடித்தளத்தின் தன்மை, காற்று, வானிலை என்பவற்றை எவ்வாறு அவதானித்துப் பதிதல் வேண்டுமென அவை கூறின. கடலாராய்ச்சியின் முதல் வேலைத்திட்டம் இதுவே எனல் மிகையாகாது.

அவ்வறிவுறுத்தல்களோடு சேர்ந்த கருவிகளுள் ஹூக் அமைத்த ஆழமானி ஒன்று தனிச்சிறப்புடையது. அதுவரை ஆழத்தை அறிய ஒரே வழி, கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவதேயாகும். ஆழங்குறைந்த கடலுக்கு அது போதும். ஆழ்கடலிலோ கயிற்றின் எடையே குண்டின் எடையினும் மிகுந்துவிடும். குண்டு அடியைத் தொட்டதா, கயிறு மட்டும் நீரோட்டத்தில் இழுபடுகின்றதா என்று கையால் உணர முடியாது. ஹூக் கயிற்றையே நீக்கிவிட்டார். நீர் ஊறாவண்ணம் மெழுகிய இலேசான மரப்பந்து ஒன்றின் கீழே கொக்கியொன்றால் எடைக்குண்டு மாட்டப்படும். இரண்டும் சேர்ந்து அமிழும். குண்டு கடலடியைத் தொட்டதும் கொக்கி கழன்றுவிடும். பந்து மாத்திரம் மேலே மிதந்து வரும். விட்ட நேரத்துக்கும் மீண்ட நேரத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் கணித்து ஆழத்தை அறியலாம். இதனோடு, கீழிறங்கும்போது திறந்தும் மேலேறும்போது மூடியும் ஆழத்து நீரை எடுத்துவரும் பாத்திரம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

நடைமுறையில் அவ்வாழமானி வெற்றியளிக்கவில்லை. நீரோட்டம் பந்தை அப்பாற் கொண்டுசெல்லும். அலைகளிடையே ஒரு சிறு மரப்பந்து எழும் கணத்தைக் காண்பதும் எளிதன்று. எனினும் எண்ணம் சரியானது. 20ஆம் நூற்றாண்டில் ஒலியைக் கடலடிக்கு அனுப்பி, அது எதிரொலித்து மீளும் நேரத்தைக்கொண்டு ஆழத்தைக் கணிக்கும் முறை வந்தது. 1925 முதல் 1927 வரை ‘மெற்றியோர்’ என்னும் சேர்மானியக் கப்பல் அம்முறையால் அத்திலாந்திக்கின் அடித்தளத்தை வரைந்தது. போய்மீளும் நேரத்தால் ஆழத்தை அறிதல் என்னும் ஹூக்கின் கொள்கையே ஈண்டும் உள்ளது. பந்துக்குப் பதிலாக ஒலி சென்றது.

நொக்ஸ் தந்த செய்திகளுட் கடலாராய்ச்சியைச் சார்ந்தது யாதெனின், அவர் மழையைப் பற்றிக் கூறியதேயாம். மேல்காற்று வீசுங்கால் மலைகளின் மேற்கே மழை பெய்யும், கிழக்கே வறட்சியாயிருக்கும். கீழ்காற்று வீசுங்கால் இந்நிலை மாறும். மலைத்தொடர் இவ்விரண்டுக்கும் எல்லையாய் நிற்கின்றது என அவர் எழுதினார். ஒரே தீவில், ஒரே நாளில், சில மைல் தூரத்துக்குள் மாரியும் கோடையும் அடுத்தடுத்து நிற்பதைத் தலைச்சுமையோடு மலையேறி இறங்கிய ஒருவர் நேரிற் கண்டு எழுதியது அது. மட்டக்களப்பார் கச்சான் எனப் பெயரிட்டழைக்கும் வறண்ட காற்று, மேற்கே தன் ஈரத்தை மழையாய்ப் பொழிந்துவிட்டு மலையைத் தாண்டிவரும் அக்காற்றே. நொக்ஸின் நூல் வெளிவந்து ஐந்தாண்டு கழிந்து, 1686இல், எட்மண்ட் ஹாலி வேத்தியற் சங்கத்தின் வெளியீட்டில் வியாபாரக் காற்றுகளையும் பருவக்காற்றுகளையும் விளக்கும் கட்டுரையையும் படத்தையும் வெளியிட்டார். ஞாயிற்றின் வெப்பமே இக்காற்றுகளுக்குக் காரணம் என்பது அவர் துணிபு. புவியின் சுழற்சியும் காரணமாதல் 1735இல் ஹட்லியாற் கூறப்பட்டது. நொக்ஸின் குறிப்பு ஹாலிக்கு உதவியதெனக் கூறச் சான்றில்லை. ஆயினும் ஒரே சங்கத்தைச் சூழ்ந்து, ஒரே பத்தாண்டில், ஒரே காற்றைப்பற்றிய இவ்விரு எழுத்துகளும் தோன்றின.

ஈண்டு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. கண்டியைப் பற்றியும் அதன் காற்றைப் பற்றியும் இலண்டன் அறிஞர் படிக்கத் தொடங்கிய காலத்திலேயே, கண்டி தன் கடலை இழந்துகொண்டிருந்தது. ஒல்லாந்தர் துறைகளை ஒவ்வொன்றாக அடைத்தனர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பௌத்த சங்கத்தில் உபசம்பதைச் சடங்கை மீளத் தொடங்க விரும்பிய கீர்த்தி சிறீ இராசசிங்கன், சீயத்துக்குத் தூதரை அனுப்புதற்கு ஒல்லாந்தரிடமே கப்பல் கேட்க வேண்டியிருந்தது. 1753இல் உபாலி தேரர் திருக்கோணமலையில் வந்திறங்கியதும் ஒல்லாந்தர் கப்பலிலேயே. மதுரையிலிருந்து மணப்பெண்ணை அழைத்துவரும் நாயக்க மரபினரும் பாக்கு நீரிணையைக் கடக்க அவர்கள் தயவை நாடினர். இறுதியில், 1766 பெப்புருவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி இத்தீவின் கரையோரம் முழுவதும் ஒரு கீற்றாக ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவொன்றின் அரசனுக்கு ஒரு முழக் கடற்கரையும் இல்லாதொழிந்தது. உப்பும் கருவாடும்கூட அயலான் அனுமதித்தால்தான் மலையேறும். கடலறிவு மலைநாட்டில் வளராமைக்கு மக்களின் சோம்பலையோ மனப்பாங்கையோ காரணங்காட்டுவோர் இவ்வுடன்படிக்கையை ஒருமுறை படித்தல் நன்று.

அதே காலத்திற் கடலை அளக்கும் பணி கம்பனி மாலுமிகளின் கையிற் சென்றது. பாம்பன் கால்வாயையும் பாக்கு நீரிணையையும் 1760களில் அளந்த இளைஞர் ஜேம்ஸ் றெனல், பின்னர் வங்காளத்தின் நில அளவையாளராகி, முதுமையில் அத்திலாந்திக்கின் நீரோட்டங்களை ஆராய்ந்தார். கடலியலின் தந்தை என ஆங்கிலேயர் சிலர் அவரைக் குறிப்பிடுவதுண்டு.

1815இற் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு ஆண்டில் இத்தீவுக்கு வந்த இராணுவ வைத்தியர் யோன் டேவி, புகழ்பெற்ற இரசாயன அறிஞர் ஹம்பிறி டேவியின் தம்பியாவார். 1821இல் அவர் வெளியிட்ட நூல் இலங்கையின் உள்நாட்டைப் பற்றியது. 1817-18இல் ஊவா வெல்லசையில் நிகழ்ந்த கிளர்ச்சியின் துயரமும் அதிற் பதிந்துள்ளது. கண்டி வரலாறு கற்போர் அந்நூலை அறிவர். ஆயினும் அவர் இத்தீவிற் கால்வைக்குமுன்னரே ஓர் ஆராய்ச்சியை முடித்திருந்தார். இங்கிலாந்திலிருந்து இலங்கை வரையுள்ள பயணத்திற் கடல்நீரின் வெப்பநிலையையும் காற்றின் வெப்பநிலையையும் கடல்நீரின் அடர்த்தியையும் அவர் அளந்து வந்தார். அவ்வளவைகள் 1817இல் வேத்தியற் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயின. கப்பலிற் பயணம் செய்வோர் பெரும்பாலும் கடலைப் பார்த்துச் சலிப்படைவர். இவரோ வெப்பமானியை வாளிநீரில் அமிழ்த்திக்கொண்டே வந்தார்.

அப்பயணத்தில் அவர் கண்ட மற்றொரு செய்தி இன்னும் சுவையானது. பிடிபட்ட சூரை மீனின் உடலுள் வெப்பமானியைச் செலுத்திப் பார்த்தபோது, அதன் உடல்வெப்பம் சூழ்ந்திருந்த கடல்நீரினும் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு மிகுதியாய் இருக்கக் கண்டார். மீன்கள் யாவும் குளிர்ந்த குருதியுடையவை என்பது அக்காலத்து முடிபு. டேவி தாம் கண்டதை 1835இல் வெளியிட்டார். நெடுந்தூரம் ஓயாது நீந்தும் சூரையினம் தன் தசைகளிற் பிறக்கும் வெப்பத்தை இழக்காது காத்துக்கொள்ளும் குருதிக்குழாய் அமைப்பை உடையது என்பது பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. இலங்கைக் கரையில் நாள்தோறும் விற்கப்படும் மீனில் மறைந்திருந்த உண்மை அது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கடலாராய்ச்சி தனிமனிதர் முயற்சி என்னும் நிலையைக் கடந்து அரசுகளின் பெருமுயற்சியாயிற்று. 1872 டிசம்பர் முதல் 1876 மே வரை உலகைச் சுற்றிய ‘சலெஞ்சர்’ கப்பல் 362 இடங்களில் ஆழமும் நீரும் அடிமண்ணும் உயிரினங்களும் ஆராய்ந்தது. அதன் அறிக்கை 50 பாகங்களாக வெளிவந்தது. ஆனால் அக்கப்பல் இந்து சமுத்திரத்தின் தென்கோடியைத் தொட்டுச் சென்றதேயன்றி இலங்கைப் பக்கம் வரவில்லை. வராவிடினும் அதன் சேகரங்களை ஆராய்ந்தோருள் ஒருவர் கண்டிக்கு வந்தார். சேர்மானிய அறிஞர் ஏணஸ்ட் ஹெக்கல் 1881இன் இறுதியில் இலங்கையை அடைந்து, பேராதனைப் பூங்காவில் அதன் அதிபர் திறைமனின் விருந்தினராய்ச் சில நாள் தங்கினார். பின்னர் வெலிகமைக்குச் சென்று கடல்வாழ் உயிர்களைச் சேகரித்தார். ‘சலெஞ்சர்’ கொணர்ந்த கதிருயிர்களைப்பற்றி அவர் எழுதி 1887இல் வெளியான அறிக்கையில் 3,500க்கு மேற்பட்ட புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. வங்கக் கடலையும் இலங்கையைச் சூழ்ந்த கடலையும் ஆராயும் பணி, இந்தியக் கடற்சேவைக்குரிய ‘இன்வெஸ்ரிகேற்றர்’ கப்பலுக்கு வாய்த்தது. அதில் வைத்தியராயும் உயிரியலறிஞராயும் பணியாற்றிய அல்கொக் 1902இல் தம் அனுபவங்களை நூலாக்கினார்.

அதே 1902ஆம் ஆண்டில் நொக்ஸ் தப்பிவந்து சேர்ந்த அரிப்புக் கரையே கடலாராய்ச்சிக்குக் களமாயிற்று. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகள் வாழும் மேட்டுநிலங்களைத் தமிழர் ‘பார்’ என்பர். பெரியபார், சேவல்பார் என ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. 1891இன் பின்னர்ப் பத்தாண்டுக்கு மேலாக முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சிப்பிகள் தோன்றும், வளரத் தொடங்கும், மறு ஆண்டு நோக்கின் ஒன்றும் இராது. அரசாங்க வருவாய் குன்றவே, லிவபூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேட்மன் வரவழைக்கப்பட்டார். 1902 சனவரியில் உதவியாளர் யேம்ஸ் ஹோணலோடு வந்த அவர், நீராவிக் கப்பலிற் பார்களை ஒவ்வொன்றாய் ஆராய்ந்தார்; வலையால் அடித்தளத்தை வாரினார்; சுழியோடிகளை இறக்கிப் பார்த்தார். சிப்பிக்குஞ்சு பற்றிக்கொள்ளக் கடினமான தரை வேண்டும்; பெரியபார் போன்ற திறந்த பார்களில் தென்மேற்பருவக்காற்றின் அலை மணலைப் புரட்டிக் குஞ்சுகளை மூடியோ வாரியோ அழித்துவிடும்; ஆதலின் அவற்றைக் காப்பான பார்களுக்குப் பெயர்த்து வளர்த்தல் வேண்டும் என அவர் பரிந்துரைத்தார். 1903 தொடக்கம் 1906 வரை அவருடைய அறிக்கை வேத்தியற் சங்கத்தால் ஐந்து பாகங்களாக வெளியிடப்பட்டது. ஒரு நாடாப்புழுவின் இளநிலையே முத்து உருவாதற்குக் காரணம் என்று அதில் அவர் கொண்ட கருத்தைப் பின்வந்தோர் ஏற்றிலர்.

அவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாய் அமைந்தது சுழியோடிகளின் உழைப்பே. கல்லொன்றைக் காலிற் பற்றி, 5 முதல் 10 பாகம் வரை இறங்கி, ஒரே மூச்சிற் சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டுக் கயிற்றை அசைப்பர். தோணியில் நிற்பவர் இழுத்தெடுப்பர். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் அவர்கள் வந்தனர். 1905இன் முத்துக்குளிப்பில் ஏறத்தாழ 5,000 சுழியோடிகள் 8 கோடி சிப்பிகளை எடுத்தனர். எந்தப் பாரில் எந்தத் தரை, எந்தக் காற்றில் எந்த நீரோட்டம் என்பவற்றை உடலாலேயே அறிந்தவர் அவர்கள். பார்களின் தமிழ்ப்பெயர்கள் ஹேட்மனின் படங்களில் ஆங்கில எழுத்திற் பொறிக்கப்பட்டு உலகெங்கும் சென்றன. அப்பெயர்களை முதலில் இட்டவர் யாவரென எவரும் எழுதிவைக்கவில்லை.

1905இன் பெருவருவாயைக் கண்ட அரசாங்கம் மறு ஆண்டில் முத்துப்பார்களை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அறிவியல் முறையாற் பார்களைப் பண்படுத்துவதாகக் கூறிய அக்கம்பனியின் காலத்திலேயே, 1907இன் பின், முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. 1925இல் மீண்டும் நடைபெற்றதாயினும் பழைய செழிப்புத் திரும்பவில்லை. ஹேட்மனோ 1919இல் லிவபூலிற் கடலியலுக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி நிறுவப்படக் காரணராயிருந்து, தாமே அப்பதவியை முதலில் வகித்தார். 1923இற் கடலியலை நிறுவியோரைப்பற்றி நூலொன்றும் எழுதினார். இத்துறையின் வரலாற்றை எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் மன்னார்க் கடலிற் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். ‘சலெஞ்சர்’ பயணத்திற் பங்கு கொண்ட யோன் மறே விட்டுச்சென்ற பொருளால், 1933-34இல் ‘மபாகிஸ்’ என்னும் எகிப்தியக் கப்பல் அரபிக்கடலை ஆராய்ந்தது. ஆங்கில அறிஞரோடு எகிப்திய அறிஞரும் சமமாக அதிற் பணியாற்றினர். நடுத்தர ஆழத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்த பரந்த நீர்ப்படை இருப்பதை அவர்கள் விளக்கினர். 1959 முதல் 1965 வரை நடந்த அனைத்துலக இந்து சமுத்திர ஆராய்ச்சியிற் பல நாடுகளின் நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் பங்குபற்றின. 1978 முதல் 1980 வரை ‘பிறிச்சொவ் நான்சன்’ என்னும் நோர்வேக் கப்பல் இலங்கையைச் சூழ்ந்த மீன்வளத்தை அளந்தது. 1980களின் தொடக்கத்தில் ‘தூலிப்’ என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர் திருக்கோணமலைக்கு வெளியே நீலத்திமிங்கிலங்களைக் கண்டனர். மகாவலியின் வாயிலிலுள்ள அப்பள்ளத்தாக்கு உலகின் மிகப் பெரிய உயிரினத்தைக் கரைக்கு அணித்தே கொணர்கின்றது. அம்மகாவலியின் நீரில் ஒரு பகுதி, கண்டிக்கு அண்மையிற் போல்கொல்லை அணை 1976இற் கட்டிமுடிந்த பின், வடமத்திய மாகாணக் குளங்களுக்குத் திருப்பப்பட்டுள்ளது.

இறுதியாகக் கூறவேண்டியது கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலையைப் பற்றியது. அங்கே புவிநடுக்கத்தைப் பதியும் நிலையமொன்று 2000ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்டது. உலகளாவிய நிலையத் தொகுதியில் அடங்கிய அதனை நடத்துவது கலிபோணியாவின் ஸ்கிறிப்ஸ் கடலியல் நிறுவனம்; கடலியல் நிறுவனமொன்றின் கருவி மலைநகரில் இடம்பெற்றமைக்குக் காரணம், அசைவற்ற பழம்பாறையும் கடலலையின் இரைச்சலின்மையுமே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, ஏறத்தாழ 7 மணிக்கு, சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி பிளந்தது. அந்நடுக்கம் பாறை வழியே சில நிமிடங்களிற் பல்லேகலைக் கருவியை அடைந்து பதிவாயிற்று. நீரலை இலங்கையின் கீழ்க்கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. அவ்விரண்டு மணி நேரமும் வீணாயிற்று. பசிபிக் சமுத்திரத்துக்குப் பல ஆண்டுகளாக இருந்த எச்சரிக்கை அமைப்பு இந்து சமுத்திரத்துக்கு அன்று இல்லை. மலையிற் பதிவான செய்தியைக் கரைக்குச் சொல்ல ஒரு வழியும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. இத்தீவில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்முனையும் மட்டக்களப்பும் முல்லைத்தீவும் காலியும் மட்டுமன்றி, நொக்ஸ் சிறைப்பட்ட கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள மூதூரும் கிண்ணியாவும் அழிவுக்குள்ளாயின.

அதன் பின்னரே, 2006ஆம் ஆண்டில், இந்து சமுத்திரத்துக்குரிய ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்புச் செயற்படத் தொடங்கியது. கடலடியில் வைத்த அமுக்கமானிகளும் கரையோர வற்றுப்பெருக்கு மானிகளும் பல நாடுகளின் புவிநடுக்க நிலையங்களும் அதில் இணைந்துள்ளன. பல்லேகலையிற் பதிவாகும் செய்தியும் இன்று எச்சரிக்கை நிலையங்களுக்கு உடனுக்குடன் செல்கின்றது.